பாவடித் தெரு ரோலர் பொதுமக்கள் ஒத்துழைப்புக் குழு

ரோலர் எங்கள் தெருவுக்குள் வந்த அன்று நாங்கள் கைதட்டினோம். பின்னால் நடந்ததற்கெல்லாம் வாரியத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை என்பதால் இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஆவணி மாதம். வீதிச் செப்பனிடும் வாரியம் என்று ஒன்று காஞ்சிபுரத்தில் புதிதாகக் கிளம்பியிருந்தது. அதற்கு ஒரு கட்டடம், ஒரு ஜீப், ஒரு ரோலர். முதல் வேலையாக எங்கள் பாவடித் தெருவுக்குத் தார் ரோடு போடுகிறோம் என்று வந்தார்கள். தெருவின் ஒரு ஓரம் முழுக்க ஜல்லியைக் கொட்டினார்கள். மறுநாள் ரோலர் கடகடவென்று வந்து, சரியாக என் வீட்டுக்கு எதிரே, நடுத்தெருவில், இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அதற்கப்புறம் நகரவில்லை. ரோடும் போடவில்லை.

ரோலர் நின்றால் உனக்கென்னய்யா, சுற்றிக்கொண்டு போயேன் என்பீர்கள். நான் போவேன், என் மாமியார் போவார், மாடு போகும். பாவு போகாது. சேலையில் நீளவாட்டில் ஓடுகிற இழைகள்தான் பாவு. மூன்று சேலைக்கு ஒரு பாவு. அறுபதடி நீளம், நாலாயிரத்துச் சொச்சம் பட்டு இழை. விடிந்ததும் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து, இரண்டு முனையிலும் முளையடித்து விறைப்பாக நீட்டி, கஞ்சி தெளித்து, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். அறுபதடியும் நேராக இருக்க வேண்டும். எங்கள் தெருவின் ஒரு கோடியில் கிணறு, மறு கோடியில் பிள்ளையார் கோயில். கிணற்றிலிருந்து ரோலர் வரை நாற்பதடி, ரோலரிலிருந்து பிள்ளையார் வரை நாற்பத்தைந்தடி. ஒரு ஓரத்தில் ஜல்லி, மறு ஓரத்தில் சாக்கடை. பாவை எங்கே கொண்டுபோய் நீட்டுவது, என் தலையிலா?

பின் தெருவுக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே எட்டுத் தறி வைத்திருக்கிற குமாரசாமி சொல்வதுதான் சட்டம். "தை பொறக்கற வரிக்கும் வந்துக்கோங்கபா. அதுக்கு மேல எங்க ஆளுங்களுக்கே எடம் பத்தாது" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல மனிதர். "எங்கூட்ல ரெண்டு தறி சும்மாதான் கெடக்குது, சபாபதி. அவசரம்னா வந்து குந்து" என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. என் தறியைத் தவிர இன்னொருவன் தறியில் நான் உட்கார்ந்ததில்லை. பாவு இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் குமாரசாமி வீட்டுத் தறிக்குழியில் கூலிக்கு இறங்க வேண்டும். தைக்கு நாலு மாதம் இருந்தது.

ரோலருக்கு ஒரு டிரைவர் உண்டு. பெயர் துரைக்கண்ணு, ஐயம்பேட்டை. ரோலர் நின்ற மறுநாளும் அவர் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். காலை பத்துக்கு வந்து இருக்கையில் ஏறி உட்காருவார். மத்தியானம் அங்கேயே தூக்குச் சட்டியைத் திறந்து தயிர்சோறு சாப்பிடுவார். ஐந்து மணிக்கு ஒரு நோட்டை எடுத்து 'ரோலர் பணியில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போவார்.

"நின்னு போன வண்டிய ஓடுதுன்னு எழுதறியேபா, நியாயமா?" என்று கேட்டேன்.

"இன்னாண்ணா பண்றது? பழுதுன்னு எழுதினா டிரைவருக்கு வேலை இல்லைன்னு அர்த்தம். சம்பளத்த நிறுத்திருவாங்கோ. பம்புல ஒரு வாஷர் போயிருக்குது. இத்துனூண்டு. அதக் குடுங்கன்னு பதினாலு தபா எழுதிட்டேன். பழுதான வண்டிக்குத்தான் சாமான் குடுப்போம், உன் நோட்டுல பணியில் உள்ளதுன்னு இருக்குதேன்றாங்கோ."

எனக்குத் தலை சுற்றியது. அவருக்குச் சுற்றவில்லை, பழகிவிட்டார்.

தெருவே சேர்ந்து ஒரு மனு எழுதினோம். என் வீட்டு வாசலில் வைத்து என் பேனாவால் எழுதியதால் முதல் கையெழுத்து என்னுடையதாகிவிட்டது. ஐப்பசியில் வாரியத்தின் ஜீப் வந்தது. ரோலரை இழுத்துப் போகத்தான் வந்திருக்கிறது என்று வடக்கயிறுகூட எடுத்து வைத்தோம். ஜீப்பிலிருந்து செயலாளர் வேணுகோபால் இறங்கினார். பின்னால் ஒரு பியூன் கையில் ரோஜா மாலையோடு இறங்கினான். மாலை ரோலருக்கில்லை, எனக்கு. ரோலர் விஷயமாகப் பொதுமக்கள் குழு ஒன்று அமைத்திருப்பதாகவும், நெசவாளர் சார்பில் நான் அதில் உறுப்பினர் என்றும் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மனைவி சம்பூர்ணம் மாலையை வாங்கி ஆணியில் மாட்டினாள். "மால போட்டுட்டாங்களா? அப்ப ரோலரு போவாது" என்றாள். நான் கோபித்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை ஒன்று தைக்கக் கொடுத்தேன். மடத்தனம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு மனசு நிறைந்துதான் இருந்தது.

முதல் கூட்டம் வாரியக் கட்டடத்தில். தலைவர் அப்பாதுரை. தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே அரிசி மில்லும் ஊர் முழுக்க அரசியலும் வைத்திருக்கிறார். உறுப்பினர்களில் நான், ஒரு பாத்திரக் கடைக்காரர், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர். போஸ்ட் மாஸ்டர் மிக்சர் வரும்வரை விழித்திருந்தார்.

அப்பாதுரை எழுந்து தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார். "பெரியோர்களே! நான் இன்று பதினோரு குழுக்களுக்குத் தலைவன். அவற்றில் ஒரு குழுகூட இதுவரை முடிந்து போனதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். குடிநீர்க் குழுவை ஒன்பது வருஷமாக நடத்துகிறேன். குடிநீர் வந்திருந்தால் அந்தக் குழு இன்றைக்கு இருக்குமா? வேலை முடிந்தால் குழு செத்துவிடும். என் கையில் ஒரு குழு சாகாது!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தக் கூட்டம் முழுவதும் குழுவுக்குப் பெயர் வைப்பதில் போயிற்று. 'ரோலர் அகற்றும் குழு' என்று நான் சொன்னேன். வேணுகோபால் சிரித்தார். அகற்றுவது என்று பெயரிலேயே முடிவு செய்துவிட்டால், அப்புறம் குழு எதைப்பற்றி ஆலோசிக்கும் என்று கேட்டார். பழுதான ரோலர் என்றும் போட முடியாது, டிரைவர் நோட்டில் பணியில் உள்ளதே. கடைசியில் 'பாவடித் தெரு ரோலர் பொதுமக்கள் ஒத்துழைப்புக் குழு' என்று வைத்தார்கள். ரோலரோடு பொதுமக்கள் ஒத்துழைப்பதா, பொதுமக்களோடு ரோலர் ஒத்துழைப்பதா என்று பாத்திரக் கடைக்காரர் கேட்டார். அது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது கூட்டத்தில் நான் எழுந்து, தைக்குள் எடுத்தால் போதும் சார், தெருவில் முப்பது தறி இருக்கிறது என்றேன். வேணுகோபால் என்னை அன்பாகப் பார்த்தார்.

"சபாபதி, நீங்கள் அவசரப்படுகிறீர்கள். ரோலரை எடுப்பது ஒரு மணி நேர வேலை. அதை எவனும் செய்துவிடுவான். மக்களைக் கேட்காமல் செய்தால் அதற்குப் பெயர் சர்வாதிகாரம். மக்களைக் கேட்டால் ஜனநாயகம். கேட்டுக்கொண்டே இருந்தால் அது முழுமையான ஜனநாயகம். இந்த வாரியம் ஒரு நாளும் கேட்பதை நிறுத்தாது."

அப்படிக் கேட்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டுமாம். கார்த்திகையில் மூன்று நாள், ரோலருக்கு இடப்பக்கம் ஜல்லிமேல் ஏறிப் போகிறவர்கள் எத்தனை, வலப்பக்கம் சாக்கடைக் கல்லை மிதித்துப் போகிறவர்கள் எத்தனை என்று உறுப்பினர் என்ற முறையில் நான் எண்ண வேண்டும். தறியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ரோலர் படியில் துரைக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். தெருக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா மெம்பரே, நான் லெப்டா ரைட்டா?" என்று ஒவ்வொருத்தனும் கேட்டுவிட்டுத்தான் போனான். இடம் நானூற்றுப் பன்னிரண்டு, வலம் முந்நூற்றெண்பத்தெட்டு. ஆடுகளுக்குத் தனிப் பட்டியல். மூன்றாம் நாள் ஜல்லியில் சறுக்கி விழுந்த ஒரு பெண்மணியை எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாமல் இரண்டிலும் போட்டேன்.

அறிக்கை அச்சாகி வந்தது. மக்கள் இரு பக்கத்தையும் ஏறக்குறைய சமமாகப் பயன்படுத்துவதால் ரோலர் மிகப் பொருத்தமான நடு இடத்தில் நிற்கிறது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அடியில் என் பெயர்.

"எண்ணிக் குடுத்தது நீதானே?" என்றாள் சம்பூர்ணம். அவ்வளவுதான் சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை.

மார்கழி வந்தது. தைக்கு இன்னும் ஒரே மாதம். கூட்டத்தில் எழுந்து நின்று, காகிதத்தில் பார்த்தால் உங்களுக்குப் புரியாது, நேரில் வாருங்கள், ரோலர் இருக்கும்போது பாவு எப்படிச் சிக்குகிறது என்று கண்ணால் காட்டுகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அப்பாதுரைக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிற ஞாயிறு, காலை ஆறரைக்குக் கள ஆய்வு என்று தீர்மானம் போட்டார்கள். போட்டோகிராபர் உண்டு.

நான் போட்ட கணக்கு இதுதான். பாவைக் கிணற்றோரத்தில் பிரித்து ரோலர் வரை கொண்டுவருவது, அதற்கு மேல் போகாமல் நின்றுவிடுவது. இதோ பாருங்கள் சார், போகவில்லை என்று கையை விரிப்பது. சும்மா ஒரு பழைய நூலை நீட்டிக் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். வேணுகோபால் விடவில்லை. ஆய்வு என்றால் உண்மையான பாவு, உண்மையான கஞ்சி என்றார். பட்டு வாங்கி, சாயம் போட்டு, அடுத்து தறியில் ஏற்றத் தயாராக இருந்த பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு. பனி விலகவில்லை. அதிகாரிகளுக்கு நாற்காலி போட்டாயிற்று. தெரு முழுக்கக் கூட்டம், பின் தெருவிலிருந்து குமாரசாமிகூடத் தலைப்பாகையோடு வந்து நின்றார். கிணற்றோரத்தில் முளையடித்தோம். பாவைப் பிரித்துக்கொண்டே வந்தோம். ரோலருக்கு முன்னால் வந்து, திட்டப்படி நான் நின்றேன். கையையும் விரித்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போச்சு. கஞ்சி தெளித்தாகிவிட்டது. நின்ற இடத்தில் பாவு தொய்ந்தது. நாலாயிரம் இழை, ஈரப் பட்டு, ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தது. நெசவாளி கையில் பாவு தொய்ந்தால் அவன் உடம்பு சும்மா நிற்காது. "ஏய், தூக்குங்கடா! தூக்குங்கடா!" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். எதிர்வீட்டு ஆட்கள் குதித்து வந்தார்கள். பெண்கள் ஓடி வந்தார்கள். பாவின் இழைகளை இரண்டாகப் பிரித்து, பாதியை ஜல்லிப் பக்கமாகவும் பாதியைச் சாக்கடைப் பக்கமாகவும் ரோலரைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனோம். இரும்பு பட்டால் இழை அறுந்துவிடும் என்று சம்பூர்ணம் உள்ளேயிருந்து வேட்டிகளை நனைத்துக் கொண்டுவந்து சக்கரத்தின் மேல் போர்த்தினாள். துரைக்கண்ணு தன் சட்டையைக் கழற்றி கிரீஸைத் துடைத்தார். "ஜல்தி, ஜல்தி, அந்தாண்ட புடிமா!" என்று ஒரே சத்தம். ஜல்லி மேல் மண்டிபோட்டு ஆறு பேர், சாக்கடையில் காலை விட்டுக்கொண்டு ஏழு பேர். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பாதியையும் மறுபடி ஒன்றாக்கி, பிள்ளையார் கோயில் பக்கமாக முளையில் கட்டினோம். இருபத்தாறு பேர், ஒன்றேகால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றோம். வெயில் வந்து பாவு காய்ந்து பளபளவென்று மின்னியது.

"சபாஷ்!" என்று கைதட்டியவர் குமாரசாமி. அவரே தட்டிவிட்டார் என்றதும் தெருவே தட்டியது. அதிகாரிகள் எழுந்து நின்று தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கும்பிட்டேன். நாடகத்தில் கும்பிடுவார்களே, அந்த மாதிரி. போட்டோவில் அது இருக்கிறது.

அப்பாதுரை என் தோளில் கை போட்டார். "ஒரு கேள்வி, சபாபதி. ஊர் முன்னால் கேட்கிறேன். இவ்வளவு நேரத்தில் ஓர் இழையாவது அறுந்ததா?"

எங்களிடம் சேலை வாங்குகிற வியாபாரிகள் நின்றார்கள். குமாரசாமி நின்றார். என் தெருவே நின்றது. என் பாவில் இழை அறுந்தது என்று என் வாயாலே சொல்வதா? அதுவும் அறுந்துபோகாதபோது?

"இல்லீங்க" என்றேன்.

வேணுகோபால் அதை எழுதிக்கொண்டார்.

"சார், இருபத்தாறு பேர் புடிச்சோம் சார்! தெனம் இப்டிப் புடிக்க முடியுமா?" என்று அவர் பின்னாலேயே ஓடினேன்.

"முடியும் என்று யார் சொன்னது? ஒத்துழைப்பு இருக்கிறது என்றுதான் எழுதுகிறேன். குழுவின் பெயரே அதுதானே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தீர்மானம் ஏழு: ரோலர் இப்போது நிற்கும் இடம் பாவு நீட்டும் தொழிலுக்கு இடையூறல்ல, துணை என்று நேரில் கண்டறியப்பட்டது, குழுவின் மறு தீர்மானம் இன்றி அதை நகர்த்தக் கூடாது. அடுத்த கூட்டம் ஆனி மாதம். எதிர்த்து நான் ஒருவன் கை தூக்கினேன். போஸ்ட் மாஸ்டர் தூக்கத்தில் தலையாட்டியதை ஆதரவாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

தை பிறந்தது. பாவைத் தூக்கிக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். குமாரசாமி திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். "ஒங்க தெருவுல ஒரு தடங்கலும் இல்லைன்னு வாரியமே அச்சடிச்சுக் குடுத்துக்கிதேபா. நானும் கண்ணால பார்த்தேன். அப்பறம் எங்க தெருவு எதுக்கு?" கைதட்டியவர் அவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கும்பிட்டவன் நானாச்சே என்று திரும்பி வந்துவிட்டேன்.

மாசி முதல் வாரத்தில் தறியில் இருந்த பாவு முடிந்தது. இருபத்தாறு பேரை மறுபடி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவரவர் வயிறு அவரவருக்கு. மூன்று நாள் வெறும் தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் குமாரசாமியிடம் போய், நாளை மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் நின்று சம்பூர்ணத்திடம் அதைச் சொன்னபோது துரைக்கண்ணு கேட்டுக்கொண்டிருந்தார். அன்று தயிர்சோற்றை அவர் திறக்கவில்லை.

மறுநாள் விடியுமுன் வாசலில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் ரோலர் புகைந்துகொண்டு உறுமுகிறது! மேலே துரைக்கண்ணு.

"வாலாஜாபாத் லாரி ஷெட்டுல வாஷர் வாங்கியாந்தேண்ணா! என் கைக்காசு. ஓடுதுண்ணா, ஓடுது!"

ரோலர் நகர்ந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு எதிரே மண் தெரிந்தது. பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பெரிய வீதி முனையில் கொண்டுபோய் நிறுத்தினார். சம்பூர்ணம் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே பாவைத் தூக்கி வந்து கொடுத்தாள். கிணற்றுப் பக்கம் ஒரு முளை, கோயில் பக்கம் ஒரு முளை, நடுவில் அறுபதடி நேர்கோடு. நாலே பேர். கஞ்சி தெளித்தோம். குமாரசாமியாவது அவர் தறியாவது என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

துரைக்கண்ணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வேணுகோபால் வீட்டுக்குப் போய், சார், ரோலர் ஓடிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

ஏழு மணிக்கு ஜீப் வந்தது. வேணுகோபாலுக்கு வேர்த்துக் கொட்டியது. "யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? எட்டு மணிக்கு மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். ரோலரும் பொதுமக்களும் ஒத்துழைக்கும் மாதிரித் தெரு என்று பார்க்க வருகிறார். ரோலர் இல்லாமல் எதைக் காட்டுவது? தீர்மானம் ஏழு இருக்கிறது. பழைய இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள்."

"சார், ஒரே ஒரு மணி நேரம் குடுங்க சார். பாவு ஈரமா இருக்குது. இப்ப சுருட்டினா போச்சு சார்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொன்னேன்.

"ஆனி மாதக் கூட்டத்தில் கொண்டுவாருங்கள். நானே முன்மொழிகிறேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

துரைக்கண்ணு அழுதுகொண்டே ரோலரைப் பின்னால் எடுத்தார். உறுப்பினர் முன்னிலையில் அதே இடத்தில் நிறுத்தப்பட்டது என்று எழுத வேண்டுமாம், என்னைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் கோணினாலும் என் வாசல் அடைபடும் என்பதால், இன்னும் கொஞ்சம் பின்னே, இன்னும் கொஞ்சம் என்று நானே கை காட்டினேன். அதற்குள் சம்பூர்ணமும் மற்றவர்களும் ஈரப் பாவை அள்ளிச் சுருட்டிவிட்டார்கள். சுருட்டியது என்ன, அள்ளியதுதான். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். அறுந்த இழையை நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை.

எட்டு மணிக்கு வரவேண்டிய பெரிய அதிகாரி வரவில்லை. ஐந்து மணிக்குத் துரைக்கண்ணு நோட்டை எடுத்து, 'ரோலர் பணியில் உள்ளது' என்று எழுதினார். மறுநாள் காலையில் நான் வெள்ளைச் சட்டையை, மாலை மாட்டிய அதே ஆணியில் மாட்டிவிட்டுப் பின் தெருவுக்குப் போனேன்.

மார்கழியில், ஓர் இழையாவது அறுந்ததா என்று ஊரைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.